மலைநாட்டுக்கு ஒரு பசுந்திரை

கண்டி மாநகரத்தைச் சூழ்ந்த குன்றுகளில் இன்று எல்லை வகுக்கும் சாதனங்கள் மூன்று: சீமேந்து மதில், தகரத் தடுப்பு, முட்கம்பி. ஹந்தானைச் சரிவிலாயினும், உடவத்தகெலே வனத்தின் அடிவாரத்து ஒழுங்கைகளிலாயினும், கலஹா, தெல்தோட்டை ஆகிய இடங்களை நோக்கிச் செல்லும் பாதையோரத்துத் தேயிலைத் தோட்டங்களிலாயினும், ஒரு காணி கைமாறியதும் அதன் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து நின்ற செடிகொடிகள் வெட்டி வீழ்த்தப்படுவதும், அவற்றின் ஸ்தானத்தில் இம்மூன்றில் ஒன்று எழுப்பப்படுவதும் வழக்கமாகிவிட்டன. இம்மூன்றினும் மேலான நான்காவது சாதனம் ஒன்று நம் கைவசம் இருக்கிறது என்பதும், இந்நாட்டுக்கே உரிய மரங்களையும் குற்றுச்செடிகளையும் நெருங்க நட்டு வளர்க்கும் பசுந்திரையே அது என்பதும், காட்டு விலங்கும் மனிதனும் அயலவராக வாழும் எல்லைகளில், அதிலும் வேட்டை இன்னும் கரவாக நடைபெறும் நிலங்களில், அத்தகைய திரையை அமைப்பதும் காப்பதும் பொதுக் கடமையாக ஏற்கப்படவேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

வேட்டை நிலத்துக்குத் திரை நடுவது என்ற பேச்சு நம்மவர் பலருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மான் வேட்டைக்கென்றே சொந்த நிலம் வைத்திருப்போர், தெருவிலே போவோர் வருவோருடைய கண்கள் தம் நிலத்து விலங்குகள்மேல் படாதவாறும், தாம் பரணுக்குச் செல்லும் வழி மான்களுக்குப் புலப்படாதவாறும், நிலத்தின் விளிம்பிலே உயரமான புல்லையும், அதற்கு உட்புறத்தே புதர்களையும், அதற்கும் உள்ளே என்றும் பசுமை மாறாத மரங்களையும் வரிசை வரிசையாக நட்டு வளர்ப்பது நெடுங்கால வழக்கம். இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்களும் பெசன்ட் என்னும் பறவையை வேட்டையாடுவதற்கென்றே தம் வயல்களின் இடையிடையே சிறு சோலைகளைப் பேணி வந்தனர். நோக்கம் கொலையே ஆயினும் அவர்கள் கண்டறிந்த உண்மை ஒன்று மறுக்கவொண்ணாதது: மறைவு இல்லாத நிலத்தில் எந்த விலங்கும் நிலைத்துத் தங்குவதில்லை. வேட்டையைச் சட்டத்தால் விலக்கியும் வேட்டையாடப்படும் உயிர்களுக்கு மறைவிடம் தர மறந்துவிட்ட நாம், அவர்களுடைய நோக்கத்தை விலக்கி உண்மையை மட்டும் கைக்கொள்ளலாம்.

உள்ளபடி நோக்கினால், இவ்வுண்மையை நாம் அந்நியரிடம் கற்கவேண்டிய அவசியமும் இல்லை. கண்டி இராச்சியத்தின் ஆயுள், அதன் காடுகள் அதற்களித்த மறைப்பினால் நீண்ட ஆயுள். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவருகே சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே தங்கி, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தன் அனுபவங்களை நூலாக வெளியிட்ட இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இந்த இராச்சியம் இயற்கையாலேயே அரண் செய்யப்பட்டது என்றும், அதற்குள் நுழையும் வழிகள் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லத்தக்க ஒடுக்கமான வழிகள் என்றும், மலையின் அடியில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக அவ்வழிகளிலே முட்களாலான வாயில்கள் அமைக்கப்பட்டிருந்தன என்றும், ஒவ்வொரு வாயிலிலும் இரண்டு மூன்று பேர் எந்நேரமும் காவலிருந்து, வருவோரையும் போவோரையும் விசாரித்தே விடுத்தனர் என்றும் விவரித்திருக்கிறார். தெளிந்த நீர், வெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கையும் உடையதே அரண் என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்துக்கு இந்த மலைத் தலைநகரைப் போலப் பொருந்தும் உதாரணம் கிடைப்பது அரிது.

அந்த அரணின் வலிமையைப் பரீட்சித்துப் பார்த்தவர்கள் பலர். 1594இல் தந்துரையிலும், 1638இல் இன்றைய பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் சின்னாபின்னமாயின. 1765இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அங்கே நிலைகொள்ள இயலாமல் திரும்பினர். 1803இல் நகருக்குள் விடப்பட்ட ஆங்கிலேயப் படைப்பிரிவு அழிந்தது. முடிவில் 1815இல் கண்டி வீழ்ந்ததும் காட்டரண் தோற்றதனாலன்று. மதுரை நாயக்கர் மரபில் வந்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைப் பிரதானிகள் கைவிட்டதனாலேயே வீழ்ந்தது. இச்சரித்திரத்திலிருந்து நமது விஷயத்துக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுண்டு: முள்ளும் மரமும் தம்மளவில் அரணாவதில்லை, அவற்றினருகே நின்று காப்பவரும் சேர்ந்தாலே அரண் ஆகும். இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலேயர் இந்த மலைநாட்டைத் தம் வசப்படுத்திய பின்னர் முதற்கண் செய்த காரியம் அதன் திரையைக் கிழித்ததேயாகும். எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியின் காலத்திலே கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாக வண்டிப்பாதை போடப்பட்டது. 1820களில் கம்பளைப் பக்கத்திலே கோப்பித் தோட்டம் தொடங்கிற்று. உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொள்வதற்கு இடமளித்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பின், அரசரின் ஆணையாலும் மக்களின் வழக்கத்தாலும் காக்கப்பட்டு வந்த மலைக்காடுகள் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. அக்காடுகளை வெட்டிச் சாய்த்த கைகளில், தமிழகத்திலிருந்து கால்நடையாகக் கொண்டுவரப்பட்ட நம் முன்னோரின் கைகளும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் கோடரியை ஏந்தியவனுக்கும் அதனை ஏந்தச் செய்தவனுக்கும் உள்ள பேதத்தைச் சரித்திரம் அறியும்.

காடு திறந்ததும் துப்பாக்கி வந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்னும் இராணுவ அதிகாரி, 1845இல் அப்புத்தளையிலே இடி விழுந்து இறப்பதற்கு முன் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர். சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திப் பிடித்த தம் பிரதாபங்களை நூலாகவே வெளியிட்டார். மறைவிடமெல்லாம் கோப்பியும் பின்னர் தேயிலையுமாக மாறிய மலைகளில், எஞ்சியிருந்த விலங்குகள் ஒளிய இடமின்றி வெளிப்பட்டு மடிந்தன. இதன் விளைவைக் கண்ணாரக் கண்டு முதலில் கலங்கியவர்களும் அந்த வேட்டைக்காரர்களே என்பது விந்தை. 1894இல் அவர்கள் கூடி அமைத்த வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கமே, காலக்கிரமத்தில் நோக்கம் மாறி, இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக விளங்குகிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாகிய விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1856ஆம் ஆண்டிலேயே ஒதுக்குக் காடாக்கப்பட்டிருந்த உடவத்தகெலே, 1938இல் சரணாலயமாயிற்று. அரச மாளிகைக்கு மேலே, பொதுமக்கள் நுழையலாகாத வனமாக மன்னர்கள் பேணிய அச்சிறு காடு, நகரத்தின் நடுவிலே இன்றும் நிலைத்திருப்பதற்கு அந்தப் பழைய தடையும் இந்தப் புதிய சட்டமும் சேர்ந்தே காரணம்.

சட்டம் வந்தது; துப்பாக்கி ஒடுங்கிற்று; ஆனால் வேட்டை ஒழியவில்லை. துரைமாரின் உல்லாசமாயிருந்தது, இன்று ஏழையின் பயிர்க்காவலாகவும், சில இடங்களில் இறைச்சி வியாபாரமாகவும் உருமாறி, கம்பிக் கண்ணியாகத் தோட்டங்களின் ஓரத்திலே தொங்குகிறது. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் இல்லை. ஒரே இரவில் மரக்கறிப் பாத்தி ஒன்றை உழுதுவிட்டுச் செல்லும் அதன் ஆற்றலை, லயத்தின் பின்னே சிறு துண்டு நிலத்தில் போஞ்சியும் கிழங்கும் வைத்திருக்கும் தொழிலாளி நன்றாக அறிவார். மோட்டார் சைக்கிளின் பழைய கம்பியைச் சுருக்காக்கி வேலியின் சந்திலே கட்டி விடுவது செலவில்லாத உபாயம். அந்தச் சுருக்கோ பன்றி எது, மரை எது, சிறுத்தை எது என்று தராதரம் பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பகுதியிலே கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று, உயிருடன் மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் சில நாட்களுள் மாண்டபோது, நாடு முழுவதும் துக்கம் கொண்டாடிற்று. இலங்கையில் மிக அரிதாகவே காணப்படும் ஓர் உயிருக்காக எழுந்த அந்தத் துக்கம் நியாயமானதே. எனினும் அதன்பின் கண்ணிகள் குறைந்தனவா என்று கேட்டால், தோட்டப் பகுதிகளிலிருந்து தொடர்ந்து வரும் செய்திகள் இல்லையென்றே பதில் கூறுகின்றன.

இந்நிலையில் பசுந்திரை என்ன செய்யும்? முதலில் அது என்ன செய்யாது என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. செடிகளின் வரிசை மட்டும் பசித்த காட்டுப்பன்றியை நிறுத்திவிடாது. குரங்குக்கு வேலியென்பது ஏணி. முள்ளம்பன்றிக்கு ஒரு சிறு சந்து போதும். ஆகவே பயிரைத் தனியாகக் காக்கும் உபாயங்கள், அதாவது பாத்தியை ஒட்டிய அகழி, கற்கட்டு, இரவுக் காவல் ஆகியவை இருக்கவேண்டியனவே. திரையின் பிரயோசனம் வேறு. விலங்கைப் பெரும்பாலும் கலவரப்படுத்துவது பார்வையும் ஒளியும் நாயுமாகும். வாகன வெளிச்சமும், முற்றத்து மின்விளக்கும், கட்டாக்காலி நாய்களின் ஓட்டமும் காட்டின் விளிம்பிலே நேராகச் சென்று பாயும்போது, அங்கே ஒதுங்கிக் கிடக்கவேண்டிய மரையும் சருகுமானும் சிறுத்தையும் இடம்பெயர்ந்து, வழி தவறி, மனிதர் நடமாட்டத்தினிடையே வந்து சேருகின்றன. அடர்ந்த திரை ஒன்று இடையே நின்றால், பகலில் விலங்கு தன் மறைவிலே தங்கும். கொழுந்து பறிக்கும் பெண்ணும் அதன் அருகே போகிறோம் என்ற பயமின்றித் தன் வேலையைச் செய்வாள். அத்துடன், துண்டு துண்டாகிக் கிடக்கும் காடுகளுக்கிடையே தொடர்ச்சியான மறைவுப் பாதையாகவும் அத்திரை பயன்படும். இவற்றுக்கும் மேலாக, சரிவு நிலத்திலே மண்ணைப் பற்றிக்கொள்ளும் வேர்களையும், பெருகிவரும் நீரின் வேகத்தைத் தணிக்கும் சருகையும் மதில் ஒருகாலும் தரமாட்டாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டத்துச் சரிவுகள் இடிந்து எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோன பின்னரும் இந்த வேற்றுமையை நாம் உணரவில்லையெனில், எப்பொழுது உணரப் போகிறோம்?

திரை வேண்டும் என்பதோடு அமையாமல், அது நாட்டு மரஞ்செடிகளாலேயே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் இம்மலைநாட்டின் அனுபவமே ஆதாரம். 1821இல் அலெக்சாண்டர் மூனின் மேற்பார்வையில் பேராதனையிலே தாவரவியற் பூங்கா ஸ்தாபிக்கப்பட்டது. சாஸ்திரத்துக்கும் பயிர்த்தொழிலுக்கும் அது செய்த சேவை மகத்தானது. ஆயினும் அதன் வேலியைத் தாண்டி வெளியேறிய சில விருந்தாளிகள் வீட்டுக்காரரையே வெளியேற்றத் தொடங்கினர். அலங்காரத்துக்கென்று 1826இல் அங்கே கொண்டுவரப்பட்ட நாயுண்ணி, இன்று வரண்ட வலயத்து வனங்கள் வரை பரந்து, யானையின் புல்வெளிகளையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சட் பூவால் கண்ணைக் கவரும் காட்டுச் சூரியகாந்தி, கண்டி வீதியோரங்களிலும் புகையிரதப் பாதையோரங்களிலும் வேறெந்தச் செடிக்கும் இடம் வையாமல் மூடி நிற்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தொலூ பால்சம் என்னும் மரம், உடவத்தகெலேயின் உள்ளேயே தன் நாற்றுகளைப் பாய் விரித்தாற்போல் பரப்பி, உள்நாட்டு மரங்களின் வித்து முளைத்து மேலெழ விடாமல் தடுக்கிறது. விரைவாக வளரும், கம்பை ஊன்றினாலே தழைக்கும், பணம் செலவில்லை என்ற காரணங்களால் இவை போன்றவற்றையே வேலிக்குத் தேர்ந்தெடுத்தோமாயின், வேலியே பயிரை மேயும் கதையாகவே முடியும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கிளிரிசீடியாவை இவற்றோடு சேர்த்துப் பழிக்கவேண்டியதில்லை. அது காடாகப் பரவுவதில்லை, தழையுரமும் விறகும் தருகிறது. ஆனால் தனித்து ஒரே வரிசையில் அதை நட்டுவிட்டுப் பசுந்திரை அமைத்துவிட்டோம் என்று திருப்தியடைவது பிழை. அடிப்பகுதி வெறுமையாகி நிற்கும் அதன் தண்டுகளுக்கிடையே ஊரே தெரியும்.

நாட்டுத் திரைக்கு மாதிரியைத் தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. உலகமெங்கும் விவசாய அறிஞர்கள் பாராட்டும் கண்டிய வீட்டுத் தோட்டமே அதற்கு மாதிரி: மேலே பலாவும் கித்துளும் கமுகும், நடுவே கராம்பும் சாதிக்காயும், கீழே கோப்பியும் இஞ்சியும் மஞ்சளும், மரத்தைப் பற்றியேறும் மிளகுமாக, வானத்திலிருந்து மண்வரை வெற்றிடம் விடாமல் அடுக்கடுக்காக அமைந்த அத்தோட்டத்தினூடே பத்தடிக்கு அப்பாலுள்ள வீடும் கண்ணுக்குப் புலப்படாது. அந்த அடுக்கு முறையையே எல்லையிலும் கைக்கொள்ளலாம். குடியிருப்பை நோக்கிய வெளி வரிசையில், ஆடும் மாடும் வாய் வைக்காத ஆடாதோடையும் நொச்சியும், நெருங்கிக் கிளைக்கும் வெட்சியும் பவட்டையும் நிற்கட்டும். அதற்கு உட்புறத்தே, இந்நாட்டின் பெயரை உலகறியச் செய்த கறுவாவைப் போல் தகுதியுள்ள செடி வேறில்லை: வெட்ட வெட்ட அடியிலிருந்து பல கிளைகளாய்த் தழைப்பது, ஆண்டு முழுவதும் இலையுதிராதது, பட்டையை உரித்தால் வருமானமும் தருவது. ஈரம் மிகுந்த பள்ளங்களிலே ஈரவலயத்துக்கே உரிய சிறு மூங்கிலும், ஆள் நுழைவதைத் தடுக்கவேண்டிய இடங்களிலே பிரம்பும் சூரைமுள்ளும் பொருந்தும். காட்டை ஒட்டிய உள்வரிசையில் நாவல், அத்தி, தான்றி, நெல்லி, கொறுக்காய், கித்துள் ஆகிய கனி தரும் மரங்களும், நமது தேசிய விருட்சமாகிய நாகமரமும் நிலைபெறட்டும். விலங்குக்கும் பறவைக்கும் உரிய கனியைக் காட்டுப் பக்கத்திலும், அவை விரும்பாத தழையை வீட்டுப் பக்கத்திலும் வைப்பதே இவ்வரிசை முறையின் நியாயம்; இதனை மாற்றி, வீட்டோரத்திலே பழமரத்தை நட்டுவிட்டுப் பின்னர் குரங்கைச் சபிப்பதிற் பயனில்லை.

நடுவதற்கும் காலமும் முறையும் உண்டு. ஒரே கோட்டில் நிறுத்தாமல், முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசைச் செடி வருமாறு மாற்றி மாற்றி நட்டால், மூன்று வரிசையிலேயே பார்வை முற்றாகத் தடைப்படும். மே, ஜூன் மாதங்களின் தென்மேற்குப் பருவமழையையோ, ஐப்பசி மழையையோ முன்னிட்டு நட்டால் நீர் ஊற்றும் சிரமம் இல்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் புல்லையும் கொடியையும் அகற்றி, அடிக்குச் சருகிட்டுக் காத்தால், பின்னர் திரை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். செங்குத்தான சரிவின் விளிம்பிலே பாரமான மரங்களை ஏற்றாமல், அங்கே புதர்களையும் ஆழவேர்ப் புல்லையும் மட்டும் அமைத்துக்கொள்வது விவேகம். மண்சரிவு அபாயமுள்ள இடமெனில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரின் ஆலோசனையைக் கேட்டே நடவேண்டும்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு நம் கண் முன்னேயே அத்தாட்சி இருக்கிறது. கண்டி நகரின் தெற்கே ஏறத்தாழ 480 ஹெக்டேயர் பரப்பில் விரிந்துள்ள துனுமடலாவ வனம், ஒரு காலத்தில் கோப்பியும் கொக்கோவும் தேயிலையும் பயிரிடப்பட்ட தோட்ட நிலமே. நகருக்குக் குடிநீர் வழங்கும் நீரேந்து பிரதேசமாக ஒதுக்கப்பட்டு, மனிதர் கை வைக்காமல் விட்டதனால் அது மீண்டும் காடாயிற்று. அங்கே சிறுத்தையும் உலாவுகிறது. தானே திரும்பி வரும் ஆற்றல் இம்மண்ணுக்கு உண்டு என்பதற்கு அது சான்றாயின், மனிதன் துணைநின்றால் அத்திரும்புதலை விரைவாக்கலாம் என்பதற்குச் சிங்கராஜவனத்தின் ஓரத்துப் பைன் தோப்புகள் சான்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் அவர்தம் சகாக்களும், பைன் மரங்களின் நிழலையே செவிலியாகக் கொண்டு, அவற்றினிடையே நாட்டு மரங்களை நட்டு வளர்க்கலாம் என்பதை அங்கே செய்து காட்டியிருக்கின்றனர். ஹந்தானைச் சரிவுகளிலும் பைன் தோப்புகள் நிற்கின்றன. அதே வித்தையை நம் வாயிற்படியிலேயே பிரயோகிக்கத் தடை என்ன?

இனி, இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லத்தக்க வாதங்களுள் வலியது ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடர்ந்த வேலியே கண்ணி வைப்பவனுக்கு வசதி என்பர். விலங்கு வேலியின் சந்து வழியாகத்தான் நுழையும், அச்சந்திலேதான் சுருக்குத் தொங்கும். இவ்வாதம் உண்மையே. நொக்ஸ் கண்ட முள்வாயிலில் இரண்டு மூன்று பேர் காவல் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிட்டு முள்ளை மட்டும் நட்டால் இதுவே நேரும். மதில் கட்டியவன் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பசுந்திரைக்கோ கை வேண்டும், கத்தி வேண்டும், பருவந்தோறும் அதன் நீளம் முழுவதும் நடந்து பார்க்கும் கால் வேண்டும். சாதாரணமாக இதனை அதன் குறையென்று சொல்வார்கள். நாம் இதனையே அதன் பெருஞ்சிறப்பு என்போம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது போல் வேலிக்கும் கவ்வாத்து வெட்ட ஒரு குழு நியமிக்கப்பட்டு, மாதம் தவறாமல் எல்லையைச் சுற்றி வருமாயின், எந்தச் சந்திலே எந்தக் கம்பி தொங்குகிறது என்பது அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. வனவிலங்குத் திணைக்களத்தின் சில உத்தியோகத்தர்களால் ஒருபோதும் சுற்றி முடிக்க இயலாத எல்லையை, அங்கேயே வாழும் மனிதர் தம் அன்றாட வேலையினூடே காப்பது சாத்தியமாகும்.

ஆனால் அந்த மனிதர் ஏன் காக்கவேண்டும்? இங்கேதான் வேலி அரசியலாகிறது. வேலி என்பது எப்பொழுதும் தருமத்தின் பக்கம் நிற்பதில்லை என்பதற்கு இந்தியாவின் சுங்கவேலி சாட்சி. உப்புவரியிலிருந்து ஏழைகள் தப்பாதிருக்க, சிந்து நதி முதல் மகாநதி வரையில், ஏறத்தாழ 2,300 மைல் நீளத்துக்கு ஆங்கிலேயர் சுங்க எல்லை வகுத்து, அதன் பெரும்பகுதியிலே கருவேலும் இலந்தையும் களாவும் சப்பாத்துக்கள்ளியும் நட்டு, கிட்டத்தட்ட 12,000 பேரைக் காவல் வைத்திருந்தனர். 1879இல் அது கைவிடப்பட்டதும், சுற்றியிருந்த மக்களில் ஒருவரும் அதைப் பேண முன்வரவில்லை. இன்று அதன் சுவடு காண்பதும் அரிது. மக்களுக்கு எதிராக நடப்பட்ட வேலி, காவற்காரன் போனதும் அழியும். மலையகத் தோட்டங்களிலே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக உழைத்தும், தாம் குடியிருக்கும் மண்ணுக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் ஏராளம். தன் பெயரில் ஒரு பேர்ச் நிலமும் இல்லாதவனைப் பார்த்து, பல ஆண்டுகளின் பின் கனி தரும் நாகமரத்தையும் நாவலையும் நடு, அதனைப் பேணு, அதன் பொருட்டுப் பன்றி தின்ற உன் மரக்கறியைப் பொறுத்துக்கொள் என்று உபதேசிப்பது நியாயமாகுமா? நிலத்தில் உரிமை, திரையைப் பராமரிக்கும் வேலைக்குத் தோட்டக் கணக்கிலே முழுநாட் சம்பளம், திரையிலிருந்து கிடைக்கும் கறுவாவிலும் கொறுக்காயிலும் மிளகிலும் பங்கு, விலங்கால் நேர்ந்த பயிரழிவுக்குத் தாமதமற்ற நட்டஈடு ஆகிய நான்கும் கிடைக்குமாயின், கண்ணி கட்டும் கையே காவற்கையாக மாறும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆகவே செய்யவேண்டியன தெளிவானவை. கண்டி மாநகர சபை, உடவத்தகெலே, துனுமடலாவ ஆகிய வனங்களை ஒட்டிய காணிகளுக்குக் கட்டட அனுமதி வழங்கும்போது, காட்டை நோக்கிய எல்லையிலே மதிலுக்குப் பதிலாக நாட்டுச்செடித் திரை அமைக்கப்படவேண்டும் என்று நிபந்தனை விதிக்கட்டும். ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அப்பிரகடனம் காகிதத்தோடு நில்லாதபடி, அதன் எல்லையோரத்தை முதலில் இப்பணிக்கு எடுத்துக்கொள்ளட்டும். தோட்டக் கம்பனிகள், ஆற்றோரத்திலும் காட்டோரத்திலும் தேயிலை நன்கு விளையாத துண்டுகளைக் கணக்கிட்டு, அவற்றைத் திரைக்கென ஒதுக்கட்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களமும் பேராதனையின் விஞ்ஞானிகளும் சேர்ந்து, அவ்வவ்விடத்து வனங்களிலிருந்தே வித்தெடுத்து நாற்றுமேடைகள் அமைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பையும் வருமானத்தையும் தோட்டத்து இளைஞர், யுவதிகளின் சங்கங்களிடம் ஒப்படைக்கட்டும். அரசாங்கம் உறுதிப்பத்திரத்தைக் கையிலே கொடுத்துவிட்டு, அதன்பின் மரக்கன்றைக் கொடுக்கட்டும். இந்த வரிசை மாறினால் கன்று பட்டுப்போகும், கம்பி மீண்டும் வேலிச் சந்துக்கே திரும்பும்.